பொருந்தாத ஸ்னோ புளோவரைப் பழைய கப் கேடட் டிராக்டரில் மாட்டுவது எப்படி

பழைய கார்டன் டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் என்றாவது ஒருநாள் வரும். டிராக்டருக்கென்றே கம்பெனி செய்த ஸ்னோ புளோவரை, அதாவது பனியை வாரித் தூர எறிகிற கருவியை, தேடினால் கிடைக்காது, கிடைத்தாலும் டிராக்டர் விலையைத் தாண்டிச் சொல்வார்கள், அதே நேரம் பழைய பொருள் விற்கிற கிஜிஜி இணையதளத்தில் வேறு ஏதோ பிராண்டின் புளோவர் நல்ல நிலையில் பாதி விலைக்குக் கிடக்கும். அதை வாங்கி மாட்டலாமா என்றால், தாராளமாக மாட்டலாம். ஆனால் எதை முதலில் முடிவு செய்வது, எதைக் கடைசியில் வைத்துக்கொள்வது என்ற வரிசை தெரிந்து இறங்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த வரிசையைப் பற்றியதுதான்.

நான் இருப்பது ஒன்டாரியோவில், பாரி நகரத்துக்கு வடக்கே. ஜார்ஜியன் வளைகுடாவிலிருந்து காற்று திரும்பினால் போதும், டொரொன்டோவில் சாலை காய்ந்து கிடக்கிற நாளில் எங்கள் பக்கம் முழங்கால் அளவுக்குக் கொட்டியிருக்கும். சாலையிலிருந்து வீட்டுக்கு வருகிற டிரைவ்வே நீளம், சரளைக்கல் போட்டது. டிராக்டர் 1972ஆம் ஆண்டின் கப் கேடட் 129, அதாவது இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி கென்டக்கியின் லூயிவில் நகரத்தில் செய்தது, 12 குதிரைத்திறன் கோலர் கே301 என்ஜின், ஹைட்ரோஸ்டாட்டிக் டிரைவ், அதாவது கியர் மாற்றாமல் எண்ணெய் அழுத்தத்தால் ஓடுவது. புளோவர் 42 அங்குல அகலம், ஒற்றை நிலை, ஸ்டிக்கர் எல்லாம் உதிர்ந்து பிராண்ட் தெரியாத நிலையில் வந்தது. ஆனால் அது எந்த மாதிரி டிராக்டருக்குச் செய்யப்பட்டது என்பது பார்த்தவுடனே தெரிந்தது, ஏனென்றால் பெல்ட் ஏறும் புல்லி பக்கவாட்டைப் பார்த்து நின்றது.

பொருந்தாமை என்பது உண்மையில் இங்கேதான் இருக்கிறது. வீல் ஹார்ஸ் போன்ற டிராக்டர்களில் என்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும், கிராங்க் ஷாஃப்ட் பக்கவாட்டில் வெளியே வரும், அதனால் பெல்ட் நேராக முன்னே ஓடி புளோவரைச் சுற்றிவிடும். கப் கேடட்டில் என்ஜின் நீளவாட்டில் இருக்கிறது, என்ஜின் விசையை வெளிக்கருவிக்குக் கொடுக்கிற பீடிஓ புல்லி கிரில்லுக்குக் கீழே முன்னே பார்த்து நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் 90 பாகை திருப்பம் வேண்டும். போல்ட் துளை சேரவில்லை, அகலம் சேரவில்லை என்பதெல்லாம் வெல்டிங் தெரிந்தவருக்கு ஒரு மத்தியான வேலை. இந்தத் திருப்பம் அப்படியில்லை.

முதல் வருடம் நான் மவுன்ட்டில், அதாவது புளோவரை டிராக்டரோடு பிடிக்கிற சட்டத்தில், தொடங்கினேன். கண்ணுக்குத் தெரிகிற வேலை அதுதானே. இரண்டு வார இறுதி, ஆங்கிள் இரும்பு வெட்டி, வெல்டு வைத்து, பெயின்ட் கூட அடித்தாயிற்று. முதல் பனி விழுந்த காலையில் பீடிஓவைப் போட்டால் பனி வெளியே வருகிற குழாயான சூட்டிலிருந்து ஒரு பிடி பனி கூட வரவில்லை. பனியை வாருகிற சுருள் தகட்டு உருளையான ஆகர் தலைகீழாகச் சுற்றி, பனியை நடுவுக்குக் கொண்டுவருவதற்குப் பதிலாக இரண்டு ஓரத்துக்கும் தள்ளி, தகரத்தோடு சேர்த்து இறுக்கிக் கல்லாக்கி வைத்திருந்தது. அந்த 90 பாகை திருப்பத்துக்குப் போட்டிருந்த கியர்பாக்ஸைத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும், ஆனால் நான் செய்த மவுன்ட்டில் அதைத் திருப்ப இடம் இல்லை. எல்லாவற்றையும் கிரைண்டரால் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே இரும்பைத் தொடுமுன் மூன்று விஷயம் முடிவாகியிருக்க வேண்டும்: சுற்றும் திசை, சுற்றும் வேகம், புளோவர் எந்த அச்சில் மேலே தூக்கப்படும் என்பது.

சுற்றும் திசை

புளோவரைத் தரையில் வைத்து, முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, ஆகரைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சுருள் தகடு இடது பக்கத்திலிருந்தும் வலது பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கி நகர்வது போல் கண்ணுக்குத் தெரிகிற திசைதான் சரியான திசை. எதிர்த்திசையில் சுற்றினால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடுவது போல் தெரியும். சந்தேகமே வேண்டாம், ஒரு பிடி மரத்தூளை உள்ளே போட்டுச் சுற்றுங்கள், தூள் நடுவில் குவிய வேண்டும். குவிந்ததும் சாக்பீஸை எடுத்து, சங்கிலி ஓடுகிற பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் இருக்கும் பக்கத்துத் தகரத்தில் ஒரு அம்புக்குறி போட்டுவிடுங்கள். அந்தக் குறி வேலை முடியும் வரை அழியக் கூடாது.

அடுத்து டிராக்டர். ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி ஓரமாகக் கட்டிவிட்டு, ஸ்டார்ட்டரை ஒரு நொடி மட்டும் தட்டச் சொல்லி, முன்னால் பாதுகாப்பான தூரத்தில் நின்று புல்லியைப் பாருங்கள். கோலர் கே வரிசை என்ஜின் பீடிஓ பக்கத்திலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். சாதாரணமாக மாட்டிய பெல்ட் திசையை மாற்றாது, சங்கிலியும் மாற்றாது. ஆகவே திசையைத் தீர்மானிப்பது நடுவில் போடுகிற கியர்பாக்ஸ் மட்டும்தான்.

இங்கே ஒரு நல்ல வசதி இருக்கிறது. 90 பாகை கியர்பாக்ஸின் உள்ளீட்டு ஷாஃப்ட் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், பெட்டியை மட்டும் அந்த ஷாஃப்டைச் சுற்றித் தலைகீழாகப் புரட்டிவிட்டால், வெளியீட்டு ஷாஃப்ட் சுற்றும் திசை மாறிவிடும். திசை தப்பாக வந்தால் வேறு கியர்பாக்ஸ் வாங்க வேண்டியதில்லை. ஆனால் புரட்டினால் காற்று போகும் மூச்சுத் துளை கீழே போய்விடும், எண்ணெய் அதன் வழியாகவே ஒழுகிவிடும், எனவே மூச்சுத் துளையின் மூடியையும் வடிகால் மூடியையும் இடம் மாற்றிப் போட வேண்டும். வெளியீட்டு ஷாஃப்ட் ஒரு பக்கம் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிற பெட்டி என்றால் புரட்டும்போது அது மறுபக்கத்துக்குப் போய்விடும், சங்கிலியும் அந்தப் பக்கம் வர வேண்டியிருக்கும். இரண்டு பக்கமும் ஷாஃப்ட் நீண்டிருக்கிற பெட்டியாகப் பார்த்து வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை. பிரின்சஸ் ஆட்டோ போன்ற கடைகளில் 1:1 விகிதத்தில் கிடைக்கும்.

வாங்கும்போது அதன் தகட்டில் நிமிடத்துக்கு எத்தனை சுற்று வரை தாங்கும் என்று போட்டிருப்பதைக் கட்டாயம் படியுங்கள். பெரிய விவசாய டிராக்டருக்கான பெட்டிகள் பல 540 சுற்றுக்காகச் செய்தவை. அதை 1800 சுற்றில் ஓட்டினால் சீல் வெந்து எண்ணெய் வெளியே வரும்.

கியர்பாக்ஸ் இல்லாமல் பெல்ட்டை வழிநடத்தவும் இறுக்கவும் மட்டுமே இருக்கிற ஐட்லர் புல்லிகளை வைத்து பெல்ட்டையே கால் திருப்பம் திருப்பி ஓட்டுகிற முறையும் உண்டு, புல்வெட்டி டெக்குகளில் கம்பெனிகளே அப்படிச் செய்திருக்கிறார்கள். செய்ய முடியாது என்றில்லை. ஆனால் ஐட்லர்களை நூல் பிடித்தது போல் ஒரே கோட்டில் நிறுத்துவதும், ஈரப்பனியில் நனைகிற நீளமான பெல்ட்டை வழுக்காமல் வைத்திருப்பதும் வீட்டுப் பட்டறையில் கடினம். எனக்குக் கியர்பாக்ஸ்தான் சரியாகப் படுகிறது.

வேகம்

கணக்கு எளிது. ஓட்டும் புல்லியின் விட்டத்தை என்ஜின் சுற்றால் பெருக்கி, ஓடும் புல்லியின் விட்டத்தால் வகுத்தால் ஓடும் புல்லியின் சுற்று வந்துவிடும். கே301 என்ஜினுக்கு முழு வேகம் நிமிடத்துக்கு 3600 சுற்று. என் அமைப்பில் ஓட்டும் புல்லி 4 அங்குலம், கியர்பாக்ஸ் புல்லி 8 அங்குலம், ஆக பெட்டியில் 1800. புளோவரோடு வந்த சங்கிலி 9 பல்லிலிருந்து 45 பல்லுக்குப் போகிறது, ஐந்தில் ஒன்று, ஆக ஆகரில் 360. ஆகரின் விட்டம் 14 அங்குலம், அந்த வேகத்தில் தகட்டின் முனை நொடிக்குச் சுமார் 22 அடி போகிறது. ஒற்றை நிலைப் புளோவரில் பனியை எறிகிற வேலையும் இந்த முனையுடையதுதான், இரட்டை நிலையில் இருப்பது போல் பின்னால் பனியை எறிகிற தனி விசிறி (இம்பெல்லர்) கிடையாது.

அதனால்தான் வேகத்தில் சமரசம் செய்யக் கூடாது. பனி போய் விழும் தூரம் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தோடு போகும், ஆகவே வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் தூரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். கையில் இருந்த 10 அங்குலப் புல்லியை மாட்டினால் 288 சுற்றுதான் வரும், காய்ந்த தூள் பனியில் சமாளிக்கலாம், மார்ச் மாத ஈரப்பனி சூட்டுக்குள் ஏறாமலே நின்றுவிடும். மறுபக்கம், அதிக வேகம் வைத்தால் 12 குதிரைத்திறன் போதாது, டிரைவ்வே முனையில் நகராட்சி வண்டி தள்ளிவிட்டுப் போன கெட்டிப் பனியில் என்ஜின் திணறும், சரளைக்கல் துப்பாக்கிக் குண்டு போல் பறக்கும்.

பெல்ட் விஷயத்தில் ஒன்று. புல்லியின் பள்ளம் 5/8 அங்குல பெல்ட்டுக்கானது என்றால் 5/8 பெல்ட்தான் போட வேண்டும். அரை அங்குல பெல்ட் அதில் அடியில் போய் உட்கார்ந்து சரிவுச் சுவரைப் பிடிக்காமல் வழுக்கும், எவ்வளவு இறுக்கினாலும் பயன் இல்லை. இழுத்துப் பிடித்து விடுகிற ஐட்லர் இருந்தால் சாதாரண பெல்ட் வேண்டாம், கெவ்லார் நூல் கொண்ட பெல்ட்டாகக் கேட்டு வாங்குங்கள். ஐட்லர் பெல்ட்டின் முதுகில் உட்கார்ந்தால் தட்டையான புல்லியாக இருக்க வேண்டும்.

தூக்கும் அச்சு

புளோவர் நிலையாக நிற்கிற பொருள் இல்லை, லிவரை இழுத்தால் மேலே வர வேண்டும். எதை மையமாக வைத்து மேலே வருகிறது என்பதில்தான் பெல்ட்டின் ஆயுள் இருக்கிறது. கியர்பாக்ஸைப் புளோவரோடு சேர்த்துக் கட்டிவிட்டால், தூக்கும் ஒவ்வொரு தடவையும் அதன் புல்லி டிராக்டரின் புல்லியோடு இருந்த கோட்டை விட்டு விலகிச் சாயும், பெல்ட் கழன்று விழும். கியர்பாக்ஸை டிராக்டரோடு கட்டிவிட்டுப் புளோவரை வேறொரு இடத்தில் கீல் வைத்துத் தூக்கினால், சங்கிலி ஒரு நிலையில் இறுகும், இன்னொரு நிலையில் தொங்கும்.

இதற்கு ஒரே தீர்வு, கியர்பாக்ஸிலிருந்து குறுக்காகப் போகிற ஷாஃப்ட் இருக்கும் கோட்டிலேயே புளோவரின் கீலையும் வைப்பது. சிறிய ஸ்ப்ராக்கெட்டின் மையமும் புளோவர் சுழன்று எழுகிற மையமும் ஒன்றாகிவிடும். பெல்ட் அசையாது, ஏனென்றால் கியர்பாக்ஸ் அசையவில்லை. சங்கிலியின் நீளமும் மாறாது, ஏனென்றால் பெரிய ஸ்ப்ராக்கெட் சிறியதைச் சுற்றி வட்டமாகத்தான் நகர்கிறது. இது புரிந்த நாளில் மீதி வடிவம் தானாகவே வந்துவிட்டது. இதை மட்டும் யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு பனிக்காலம் மிச்சமாகியிருக்கும், அதனால்தான் இவ்வளவு விளக்குகிறேன்.

சட்டம் செய்வது

டிராக்டரின் பிரேமில் புதுத் துளை போடாதீர்கள், எதையும் அதில் வெல்டு செய்யாதீர்கள். 50 வயது தாண்டிய வண்டி, நமக்குப் பின்னும் யாராவது வைத்து ஓட்டப் போகிறார்கள். அட்டாச்மென்ட் மாட்டுவதற்கென்று முன்பக்கம் கம்பெனி விட்டிருக்கிற இடங்களை மட்டும் பயன்படுத்துங்கள். வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் புளோவர் பக்கம் நடக்கட்டும்.

முதலில் அட்டை. பெரிய பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி இருந்தால் நல்லது. டிராக்டரைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு டயரிலும் காற்று சரியாக அடித்து, புளோவரை அது ஓட வேண்டிய நிலையில் முன்னால் வைத்து, அடியில் 3/4 அங்குல மரத்துண்டுகளைக் கொடுங்கள். பீடிஓ ஷாஃப்டின் மையத்திலிருந்து கீழே தூக்குக்குண்டு விட்டுத் தரையில் குறி போடுங்கள், புளோவரின் நடுக்கோடு அந்தக் குறியில் வர வேண்டும். ரசமட்டம் வைத்துப் புளோவரின் இரண்டு முனையும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா பாருங்கள். இப்போது இடைவெளிக்கு அட்டையை வெட்டி வைத்துப் பார்த்து, திருத்தி, மறுபடி வெட்டி, பக்கத் தகடுகளின் அச்சை எடுங்கள். முன் சக்கரம் முழுக்கத் திரும்பும்போது அட்டையில் உரசுகிறதா என்று இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள்.

பக்கத் தகடுகளுக்கு 1/4 அங்குலத் தகடு, குறுக்குச் சட்டங்களுக்கு 2 அங்குல ஆங்கிள், அதுவும் 1/4 அங்குலத் தடிமன். இதைவிட மெல்லியது குளிரில் ஒரு கல்லில் முட்டினாலே வளையும். கியர்பாக்ஸ் உட்காரும் தகட்டில் வட்டத் துளை போடாமல் நீள்துளைகள் போடுங்கள், அப்போதுதான் பெல்ட்டை இறுக்கவும் புல்லியை வரிசைப்படுத்தவும் இடம் இருக்கும். குறுக்கு ஷாஃப்டின் கடைசி முனைக்கு ஒரு பேரிங் கட்டாயம் வேண்டும், ஸ்ப்ராக்கெட்டின் இழுப்பு முழுவதையும் கியர்பாக்ஸ் சீலின் மேல் விடக் கூடாது.

எல்லாவற்றையும் முதலில் டாக் மட்டும், அதாவது அங்கங்கே புள்ளியாகத் தற்காலிக வெல்டு மட்டும், வையுங்கள். டாக் வைத்த நிலையிலேயே பெல்ட்டையும் சங்கிலியையும் மாட்டி, நீளமான நேர்ச்சட்டம் ஒன்றை இரண்டு புல்லிகளின் முகத்திலும் வைத்துப் பாருங்கள், நான்கு இடத்திலும் தொட வேண்டும். பிறகு லிவரை இழுத்துத் தூக்கி, இறக்கி, மறுபடி பாருங்கள். தூக்கினால் அடிப்பகுதி தரையிலிருந்து 4 அங்குலமாவது எழும்ப வேண்டும், இல்லையென்றால் சாலை விளிம்பில் ஏறும்போது முட்டும். எல்லாம் சரி என்றால் பிளக் வயர் கழன்ற நிலையிலேயே பீடிஓ புல்லியை என்ஜின் சுற்றும் திசையில் கையால் சுற்றி, ஆகர் சுற்றுவதைச் சாக்பீஸ் அம்புக்குறியோடு ஒப்பிட்டு, அப்புறம்தான் முழு வெல்டு. நீளமாக ஒரே இழுப்பில் வெல்டு போட்டால் தகடு இழுத்துக்கொண்டு கோணும், பக்கம் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகப் போடுங்கள்.

சங்கிலிக்கு இணைப்புக் கண்ணி போடும்போது அதன் கிளிப்பின் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். ஏதாவது சிக்கினால் தான் அறுந்து மற்றதைக் காப்பாற்றுகிற ஷியர் பின் பழைய ஒற்றை நிலைப் புளோவர்களில் இல்லாமலே வருவதுண்டு, அப்படி இருந்தால் நீங்களே வையுங்கள்: பெரிய ஸ்ப்ராக்கெட் ஷாஃப்டில் தளர்வாகச் சுற்றட்டும், அதையும் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும்படி சாவிக்கட்டை போட்ட ஒரு ஹப்பையும் உறுதி குறைந்த 1/4 அங்குல கிரேடு 2 போல்ட் ஒன்று மட்டும் இணைக்கட்டும். அது அறுந்தால் கோபப்பட்டு கிரேடு 8 போல்ட் போடாதீர்கள், அடுத்த முறை அறுவது கியர்பாக்ஸின் பல்லாக இருக்கும்.

எடையும் பிடிப்பும்

முன்னால் இவ்வளவு இரும்பு தொங்கினால் பின் சக்கரம் லேசாகிவிடும், ஐஸில் நின்ற இடத்திலேயே சுற்றும். பின் டயர்களுக்குச் சங்கிலியும், சக்கரத்தில் இரும்பு எடையும் இரண்டும் வேண்டும், ஒன்று போதாது. டயருக்குள் திரவம் நிரப்புவதானால் உறையாத திரவமாக இருக்கட்டும், இங்கே ஜனவரியில் வெறும் தண்ணீர் கல்லாகிவிடும். முன் அச்சின் நடு முளை தேய்ந்து ஆடுகிறதா என்று பார்த்து, கிரீஸ் அடித்து, டயர் காற்றையும் சற்று ஏற்றிக்கொள்ளுங்கள்.

சரளைக்கல் டிரைவ்வே என்றால் சறுக்குக் கட்டைகளை 3/4 அங்குலம் இறக்கி வையுங்கள், தார் போட்டது என்றால் 1/8 அங்குலமே போதும். என்ஜின் எண்ணெயைக் குளிர்காலத்துக்கு 5டபிள்யூ-30க்கு மாற்றிவிடுங்கள். ஹைட்ரோ டிரான்ஸ்மிஷன் எண்ணெயும் குளிரில் கெட்டியாகும், ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடமாவது விட்டு, பிறகு நகர்த்துங்கள், அதுவும் கராஜ் கதவை முழுக்கத் திறந்து வைத்து.

முதல் ஓட்டம்

இவ்வளவு பழைய டிராக்டர்களில் ஓட்டுபவர் இருக்கையை விட்டு எழுந்தால் என்ஜினை நிறுத்துகிற சுவிட்ச் பெரும்பாலும் இருக்காது. இருபது டாலர் செலவில் இருக்கைக்கு அடியில் ஒன்று வைக்கலாம், புளோவர் மாட்டுவதற்கு முன் அதை வையுங்கள். பெல்ட்டுக்கும் சங்கிலிக்கும் தகரக் கவசம் செய்யுங்கள், கைக்கும் பாதுகாப்பு, பெல்ட்டும் நனையாது. சூட் அடைத்துக்கொண்டால் என்ஜினை நிறுத்திய பிறகும் கையை உள்ளே விடக் கூடாது, இறுகிய பெல்ட்டில் தேங்கியிருக்கிற விசை, அடைப்பு விலகிய கணத்தில் ஆகரை அரைச் சுற்று சுற்றிவிடும், விரல் போக அது போதும். ஒரு துடைப்பக் கட்டையை டிராக்டரிலேயே கட்டி வைத்திருங்கள்.

பனி இல்லாத நாளில், குறைந்த வேகத்தில், முன்னால் யாரும் இல்லாதபடி பத்து நிமிடம் வெறுமனே ஓட்டிப் பாருங்கள். நிறுத்திவிட்டுக் கியர்பாக்ஸின் மேல் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது, கையை எடுக்கத் தோன்றினால் எண்ணெய் அளவையும் பெல்ட் இறுக்கத்தையும் பாருங்கள். பிறகு எல்லா நட்டையும் ஒரு தடவை சரிபார்த்து இறுக்குங்கள், புது வெல்டு வேலையில் முதல் அதிர்வில் நாலைந்தாவது தளரும்.

பனியில் இறங்கிய பிறகு என்ஜின் எப்போதும் முழு வேகத்தில் இருக்கட்டும், டிராக்டரின் நகர்வை மட்டும் ஹைட்ரோ லிவரால் குறைத்துக்கொள்ளுங்கள். கியர் மாற்றுகிற டிராக்டரை விட ஹைட்ரோ இந்த வேலைக்கு எவ்வளவு உகந்தது என்பது அப்போது தெரியும். சூட்டின் உட்புறத்தில் மெழுகு தேய்த்தால் ஈரப்பனி ஒட்டுவது குறையும். வேலை முடிந்ததும் உடனே நிறுத்தாமல், பனி இல்லாத இடத்தில் ஒரு நிமிடம் ஆகரை ஓடவிட்டு உள்ளே இருக்கிறதை வெளியே எறியச் செய்யுங்கள், இல்லாவிட்டால் ராத்திரியில் ஆகர் தகரத்தோடு உறைந்துவிடும். அடுத்த நாள் காலை பீடிஓவைப் போடுமுன் பிளக் வயரைக் கழற்றி, கட்டையால் ஆகரை ஒரு தடவை அசைத்துப் பார்த்து, அது தளர்வாக ஆடினால் மட்டும் வயரை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள்.